விரத வாரத்தில் சைக்கிள் மிதிக்கிற மகனுக்கு

ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கிற மகனுக்கு அப்பன் கடிதம் எழுதுகிறான் என்றால் ஒன்று அவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லை, வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது. நான் பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தைக்குள் குரல் ஏறிவிடும். நீ தலையைக் குனிந்துகொள்வாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "போதும், தாராவி பூராவும் கேக்கு" என்பாள். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை, தோல் கிட்டங்கியில் அரை நாள்தான் வேலை. நீயும் அம்மாவும் மாட்டுங்காக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். நாளைக்குச் செம்பூர் மைதானத்தில் உனக்குப் போட்டி. இந்தக் கடிதத்தை உன் பையில் வைத்துவிடுவேன். அங்கே எப்படியும் பேர் கூப்பிடும்வரை உட்கார வைப்பார்கள், அப்போது வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே போ. கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறேன், அதை மட்டும் விடாமல் வாசித்துவிடு.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. எனக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். அந்தக் கம்பெனியில் நீ பத்லியாக நின்று வருடங்கள் ஆகிவிட்டன. எவனாவது காய்ச்சல் என்று படுத்தால் அன்றைக்கு உனக்கு வேலை. எல்லாரும் சௌக்கியமாக இருந்தால் நீ வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்தவன் படுக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு காலையில் போய் கேட்டில் நிற்கிற பிழைப்பு என்ன பிழைப்பு. கம்பெனியின் சைக்கிள் அணியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நாளைப் போட்டியில் அந்த இடம் எவனுக்குக் கிடைக்கிறதோ அவனுக்கு வேலை நிரந்தரம். அடுத்த வருடம் உனக்கு வயது தாண்டிவிடும். ஊர் இப்போது இருக்கிற இருப்பில் மதராசிக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது. மதராசியே ஓடு என்று சுவரில் மராட்டியில் கரியால் எழுதிப் போட்டிருப்பதை நீ வாசித்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் முழங்கால் இனி மூட்டை சுமக்கிற முழங்காலாக இல்லை. முதலாளி என்னை இப்போது தோல் கட்டுகளை எண்ணுகிற பக்கம் உட்கார வைத்திருக்கிறார். அது மரியாதை என்று நீ நினைக்காதே, வெளியே அனுப்புவதற்கு முன்னால் உட்கார வைக்கிற இடம் அது.

போன வருடப் போட்டியில் நீ தோற்றது என்னால். அதை நான் மறைத்ததும் இல்லை, உன் அம்மா மறக்கவிட்டதும் இல்லை. அந்தப் போட்டி எப்படிப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும், நடுநடுவே மணி அடிப்பார்கள், மணி அடித்த சுற்றில் கோட்டை முதலில் தொடுகிறவனுக்குப் புள்ளி. முழு நேரமும் வேகமாகப் போகிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. மணிக்குப் பாய வேண்டும், பாய்ந்துவிட்டு மூச்சை மீட்டுக்கொள்ள வேண்டும், அடுத்த மணிக்கு அதே பாய்ச்சலைத் திரும்பக் கொடுக்க வேண்டும். நான் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, "மிதிலே, உசுரக் குடுத்து மிதி" என்று கத்தினேன். நீயும் நான் பெற்ற பிள்ளை ஆயிற்றே, கொடுத்தாய். முதல் மணியில் எல்லாரையும் வெகுதூரம் பின்னால் விட்டாய். எனக்கு நெஞ்சு பொங்கிவிட்டது, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு மராட்டியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மூன்றாவது மணி அடித்தபோது நீ கடைசி ஆளுக்கும் பின்னால் வந்தாய். முகம் சாம்பல் பூத்திருந்தது. கட்டிப்பிடித்த மராட்டியர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த மராட்டியர்தான் சாவந்த் மாஸ்டர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பையன்களை ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் பழக்குகிறவர் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே உன்னிடம் வந்து, காலையில் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸுக்கு வா என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டார். எதற்குத் தெரியுமா, நான் கத்தாமல் இருப்பதற்கு. கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்தார். அந்தப் பெரிய மரத்தடியில் அவர் விசில் ஊதினால் நீ பாய்வாய். அரை நிமிஷம் போல ஆனதும் மறுபடி ஊதுவார். அந்த நொடியில் உன் முன்சக்கரம் எங்கே இருக்கிறதோ அங்கே நடைபாதைக் கல்லில் நான் ஒரு கோடு போட வேண்டும். நீ தோட்டத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றி மரத்தடிக்கு வருவாய், மறுபடி விசில், மறுபடி பாய்ச்சல், மறுபடி கோடு. அவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் போட்ட கோடுகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. முதல் கோடு அந்தப் பார்சிக்காரர் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில். அடுத்தது விளக்குக் கம்பத்தடியில். கடைசிக் கோடு நான் நின்ற இடத்துக்கே திரும்பி வந்துவிட்டது. மாஸ்டர் ஒவ்வொரு கோடாகக் காலால் தொட்டுக் காட்டி, "பஹிலா ஜைசா, ஆக்ரி பீ வைசா" என்றார். முதல் பாய்ச்சல் எப்படியோ கடைசியும் அப்படி. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லித் தரவில்லை என்றே சொல்லலாம்.

எனக்கு அது புரியவே இல்லை. பாதி உயிரைக் கையில் வைத்துக்கொண்டு மிதிப்பது என்ன வேலை என்று அவரிடமே கேட்டேன். அவர் இந்தியில் திருப்பிக் கேட்டார், "நீ மூட்டை சுமக்கும்போது எல்லாத்தையும் முதல் மணி நேரத்திலேயே சுமந்து முடிச்சிடுவியா?" நான் ஆமாம் என்றேன். உண்மையும் அதுதான். கிட்டங்கியில் கட்டுக்குக் கூலி. நான் விடிந்ததும் வெறி பிடித்தவன் மாதிரி சுமப்பேன், மத்தியானத்துக்கு மேல் சுவரில் சாய்ந்து கிடப்பேன். சம்பாதித்ததில் பாதியை முதுகுக்குத் தைலம் வாங்கியே தீர்த்தேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசிலைத் துடைத்துக்கொண்டார். உன் தலைக்குள் நான் ஏற்றி வைத்திருந்த பாடம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போது விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நீ மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டாய். முதல் பாய்ச்சலில் அடக்கி மிதித்தால் ஏதோ ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? மாஸ்டர் அதைக் கேட்டு, அப்படித் தோன்ற வேண்டும், முதலில் லேசாகவும் கடைசியில் நரகமாகவும் இருந்தால்தான் அளவு சரி என்றார். இன்னும் இரண்டு பாய்ச்சல் சிரித்துக்கொண்டு கொடுக்க முடியும் என்றால் அளவு குறைவு. கடைசி இரண்டில் கால் பின்னிக்கொண்டால் அளவு கூடுதல். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பாய்ச்சல் முடிந்ததும் நான் உன் கூடவே ஓடி வந்து ஏதாவது கேட்க வேண்டும். ஒரு சொல்லுக்கு மேல் உனக்குப் பதில் வரக்கூடாது. மெதுவான சுற்றை முடித்து மரத்தடிக்கு வரும்போது கேட்டால் முழு வாக்கியம் வர வேண்டும். எனக்குக் கேட்க வேறு என்ன தெரியும்? "உங்க அம்மை பேரு என்னலே?" என்று கேட்பேன். பாய்ச்சல் முடிந்ததும், "சண்முக" என்பாய், மீதி வராது. சுற்று முடிந்ததும், "சண்முகத்தாய், அவ இல்லன்னா ஒமக்குச் சோறு கிடையாது" என்பாய். காலை நடைக்கு வருகிற பார்சிக் கிழவர்கள் நின்று பார்ப்பார்கள். அப்பனும் பிள்ளையும் தினம் காலையில் ஒரே பெயரைக் கேட்டுச் சொல்லிக்கொண்டால் யார்தான் பார்க்க மாட்டார்கள்.

வாரத்தில் இரண்டு நாள்தான் பாய்ச்சல், மற்ற நாளில் செம்பூர் தாண்டி டிராம்பே ரோட்டில் சும்மா மிதித்துவிட்டு வா என்று அவர் சொன்னபோதும் நான் முறைத்தேன். தினம் செய்தால் சீக்கிரம் வருமே என்றேன். வராது என்றார். வரவில்லைதான், அவருக்குத் தெரியாமல் நாம் செய்து பார்த்த அந்த வாரத்தில் கோடெல்லாம் சிதறிப்போனது. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரத்தை எடுத்துவிட்டுச் சின்னதைப் போட்டால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகுமே என்று நான் கடையில் மாற்றிக்கொண்டு வந்ததும் அதே கதைதான். உன் முட்டி வீங்கிப்போய் இரண்டு வாரம் பாழாயிற்று. இதெல்லாம் நான் செய்த கோமாளித்தனம். நீ ஒரு தடவைகூட என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்றைக்கு நான் போட்ட கோடுகள் எல்லாம் ஒரு சாணுக்குள் அடங்கிவிட்டன. கடைசிக் கோடு முதல் கோட்டைவிட ஒரு விரல் முன்னால் விழுந்தது. மாஸ்டர் குனிந்து பார்த்தார், கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார், "ஹோ ஜாயேகா" என்றார். ஆகிவிடும். அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கே கம்பெனியில் போட்டித் தேதியை ஒட்டினார்கள். நீ வந்து சொன்னாய். நான் ஆட்டுக்கறி வாங்கப் பையை எடுத்தேன். உன் அம்மா மட்டும் காலண்டர் பக்கம் போனாள். விரலை வைத்துத் தேதியை எண்ணினாள். பிறகு திரும்பி, "எய்யா, அன்னைக்குச் சூரசம்காரம்லா" என்றாள்.

அவ்வளவுதான். கையிலிருந்த பையை நான் ஆணியில் மாட்டிவிட்டேன்.

சஷ்டி விரதம் ஆறு நாள். பகலில் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும், சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஒரு தம்ளர் பால், ஒரு பழம். கடைசி நாள் சூரசம்காரம் முடிந்த பிறகுதான் சோறு. திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தொடர்ந்து ஆறு வருடம் நீ இருக்க வேண்டும் என்பது உன் அம்மாவின் நேர்ச்சை. நடுவில் ஒரு வருடம் விட்டால் முதலிலிருந்து. ஐந்து முடிந்து இது ஆறாவது. சைக்கிள் இல்லாத காலத்தில் நீ விரதம் இருந்ததே தெரியாது, ஓரமாகப் படுத்துக்கிடப்பாய். போன வருடப் போட்டியும் மழைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இந்தத் தடவைதான் இரண்டும் வந்து முட்டிக்கொண்டன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? விரதம் தொடங்கிய அடுத்த நாள் பாய்ச்சலிலேயே கோடுகள் பின்னால் வர ஆரம்பித்துவிட்டன. நான் கூடவே ஓடி வந்து அம்மா பெயரைக் கேட்டேன். ஒரு எழுத்தும் வரவில்லை. தோட்டத்தை முழுச் சுற்று சுற்றி வந்த பிறகு கேட்டேன், அப்போதும் கையைத்தான் ஆட்டினாய். அன்றைக்கு நான் பயந்துபோனேன். வியாழக்கிழமை நடைபாதையில் உட்கார்ந்து மஞ்சளாக வாந்தி எடுத்தாய்.

மாஸ்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் திட்டுவார், என் பெண்டாட்டியை வந்து நாலு வார்த்தை கேட்பார் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. அவர் திட்டவில்லை. அவர் வீட்டிலும் சதுர்த்திக்கும் சனிக்கிழமைக்கும் சாப்பிட மாட்டார்களாம். "மான் லியா ஹை தோ ரக்னா படேகா" என்று தலையை ஆட்டினார். நேர்ந்தாயிற்று என்றால் இருந்துதான் ஆக வேண்டுமாம். பிறகு உன்னிடம் சொன்னார், போன வாரத்து உடம்பை மறந்துவிடு, இன்றைக்கு எந்த உடம்போடு எழுந்தாயோ அதற்குத்தான் அளவு, போன வாரம் கடைசியில் பட்ட பாடு இன்றைக்கு முதலிலேயே வந்தால் பாய்ச்சலைக் குறை, எண்ணிக்கையையும் குறை. பயிற்சிக்கு அது சரி. ஆனால் நாளைக்கு மைதானத்தில் நிற்கப் போகிற மற்றவர்களுக்கு யார் போய் சொல்வது, எங்கள் பையன் பட்டினி, நீங்களும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று? அது அவருக்கும் தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே நான் மாட்டுங்காக் கோயிலில் குருக்களைப் போய்ப் பார்த்தேன். நான் கோயிலுக்குள் போனது அவருக்கே அதிசயம். விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப நிதானமாக, "ஒண்ணும் தோஷமில்லை. அடுத்த வருஷம் இருந்து பூர்த்தி பண்ணிக்கட்டும். சுவாமிக்குத் தெரியாதா, கொழந்தை ஜீவனத்துக்குன்னா ஓடறான்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்குப் பூசாரியே கொடுத்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வருசமா?" என்றாள். "அந்த வார்த்தைய இந்த வீட்டுல ஒரு பிள்ளைக்குச் சொன்னீய. போதும்."

நீ அப்போது குழாயடியில் இருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். உன் அண்ணன் செந்திலைப் பற்றி உனக்குத் தெரிந்தது அந்தப் பழைய படம் மட்டும்தான். அவன் பிறந்தபோது, திருச்செந்தூரில் மொட்டை போடுகிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் கேட்பாள். ஒவ்வொரு வருடமும் நான், லீவு இல்லை, அடுத்த வருசம் பார்ப்போம் என்பேன். முடி தோளுக்குக் கீழே தொங்கியது, பெண்பிள்ளை என்றே தெருவில் கூப்பிடுவார்கள். ஐந்து வயதில், ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் வந்து போய்விட்டான். மொட்டை போடாத முடியோடுதான் சியான் மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் போன கையோடு உனக்கும் அதே காய்ச்சல். நீ இடுப்பில் இருந்த பிள்ளை. நீ பிழைத்து ஆளானால் நீயே விரதம் இருப்பாய் என்று அன்றைக்கு அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நேர்ந்ததுதான் இந்த ஆறு வருடம். காய்ச்சலுக்கு மொட்டை காரணமா என்று கேட்டால் இல்லை என்று எனக்குத் தெரியும். சாக்கடைத் தண்ணீர்தான் காரணம், அந்த வருடம் இந்த வரிசையில் எத்தனையோ பிள்ளைகள் போயின. ஆனால் அதை அவளிடம் சொல்வதற்கு எனக்கு என்ன வாய் இருக்கிறது? கோபக்காரன் என்று பெயர் எடுத்த நான் அன்றைக்கு முறத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

நேற்றுக் காலையில் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன், நீ அதற்காக என்மேல் வருத்தமாக இருக்கிறாய் என்று தெரியும். கிங்ஸ் சர்க்கிள் இரானி கடையில் ஆம்லெட்டும் பன்னும் வாங்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து உன் கையில் கொடுத்தேன். "தின்னுலே, பாவம் எனக்கு வரட்டும்" என்றேன். நீ காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாய், மறுபடி மடித்தாய். பிறகு திருப்பிக் கொடுத்தாய்.

"எப்பா, சாமிக்கெல்லாம் நான் பயப்படல" என்றாய். "நாளைக்கு எனக்கு ஒரு தலவலி வந்தாலும் அம்மா என் மூஞ்சியத்தான் பாப்பா. நான் தின்னது எனக்குத் தெரியும்லா. அப்பம் நான் அவ கண்ண எப்படிப் பாக்க?"

நான் உன்னைக் கன்னாபின்னா என்று திட்டினேன். கழுதை என்றேன், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே சாவு என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ சொன்னதுதான் சரி. எனக்கு அதற்குப் பதில் இல்லாததால்தான் கத்தினேன். எனக்குக் கோபம் வருவதே பதில் இல்லாதபோதுதான் என்று இத்தனை வயசுக்கு மேல் தெரிந்து என்ன செய்ய.

இனி நாளைக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா. உன்னைத் தேற்றுவதற்காக இருக்கிறது என்று எழுத எனக்கு வரவில்லை. ஆறாவது நாள் பட்டினியோடு நீ எப்படி அளந்து மிதித்தாலும் அந்த இடம் உனக்குக் கிடைக்காது. முதல் மணிக்கே தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மாதிரி பாய்ந்தால் மூன்றாவது மணிக்குக் கீழே விழுவாய். பாயாமல் அடக்கிக்கொண்டே போனால் புள்ளியெல்லாம் மற்றவன் கைக்குப் போய்விடும். இரண்டும் தோல்விதான், ஆனால் இரண்டாவதில் எலும்பு முறியாது. அதனால் மாஸ்டர் சொன்னபடியே செய். காலையில் மைதானத்தில் மெதுவாக இரண்டு சுற்று போ, ஒரே ஒரு சின்னப் பாய்ச்சல் கொடுத்துப் பார். மூச்சு திரும்பி வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார். அதுதான் நாளைக்கு உனக்கு இருக்கிற முதல். அதற்கு மேலே செலவு செய்யாதே. எல்லா மணிக்கும் பாயாதே. கண் இருட்டினால் ஓரமாக இறங்கிவிடு. நான் கயிற்றுக்கு வெளியே நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

அதற்குப் பிறகு என்ன என்று நீ யோசித்திருப்பாய். நான் கிட்டங்கி மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கட்டு சுமக்க உன்னை எடுத்துக்கொள்வார். உனக்கு வேண்டும் என்று நான் நினைத்த வேலை அது இல்லை. சுமக்கப் போனால் என்னை மாதிரி சுமக்காதே, அந்த அளவு உனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. எவனாவது அலுப்பு தீரும் என்று மறைவில் சாராயத்தை நீட்டினால் வாங்காதே, அதைக் குடித்துக் கண் போனவர்களை நீயே பார்த்திருக்கிறாய். உனக்கும் ஒருத்தி வருவாள். அவளும் எதற்காவது பயந்து ஏதாவது ஒரு சாமிக்கு நேர்வாள். உனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, லீவு இருக்கிறதோ இல்லையோ, அவள் கேட்ட வருடமே கூட்டிக்கொண்டு போய்விடு. சாமிக்காகச் சொல்லவில்லை. ஒருத்தியின் பயத்தை நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அது வட்டி போட்டு வளரும். நம் வீட்டில் வளர்ந்திருப்பதை நீ பார்க்கிறாய்.

கடைசியாக, நான் கேட்க வந்தது. நாளைச் சாயங்காலம் கோயிலில் சூரசம்காரம் முடிந்ததும் அம்மா ஓடி வந்து உலை வைத்திருப்பாள். உனக்குப் பிடித்த புளிக்குழம்பு இருக்கும். நீ உள்ளே நுழைந்ததும் இலையைப் போட்டுவிட்டு, "என்னய்யா ஆச்சு?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்பாள். பசியால் முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. உன்னால்தான் என்று கோபத்தில்கூட ஒரு நாளும் சொல்லிவிடாதே, நான் செத்த பிறகும் சொல்லாதே. நேர்ச்சையைத் தள்ளிப்போட்டதால் ஒரு பிள்ளை போனான் என்று இருபது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேர்ச்சையைக் காப்பாற்றியதால் இன்னொரு பிள்ளையின் பிழைப்பு போயிற்று என்று தெரிந்தால், அதற்குப் பிறகு அவளுக்குப் போய் நிற்க ஒரு சாமியும் இருக்காது. மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ கையைக் கழுவிவிட்டு இலையில் உட்கார். செயின் கழன்றுவிட்டது என்று சொல். நானும் பார்த்தேன் என்று சொல்கிறேன்.